அல்சைமர் ஆய்வுக்கு நல்கை கேட்கும் முன்

கோத்தகிரிப் பக்கம் நான் நடத்தும் முதியோர் மருத்துவ முகாமுக்கு, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியை அவருடைய மருமகள் அழைத்து வந்திருந்தார். மறதியைச் சோதிக்கும் வழக்கமான முறைப்படி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். பாட்டி பென்சிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கொழுந்தைக் கிள்ளுவதுபோலப் பிடித்தார். "கடிகாரம் எதுக்குங்க சாமி? சங்கு ஊதுனா போவோம், சங்கு ஊதுனா வருவோம்" என்றார். அதோடு சேர்த்துச் செய்த 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனையில் 24-க்குக் கீழே போனால் ஐயப்பட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இவர் அதற்கும் வெகு கீழே. ஆனால் ஏழு பேரப்பிள்ளைகளின் பெயரையும் பிறந்த வரிசையையும் பிசகாமல் சொன்னார். அன்று காலையில் என்ன சாப்பிட்டார் என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் குறைந்தது பள்ளிக்கூடம் போகாததாலா, நோயாலா என்பதை அந்தத் தாள் எனக்குச் சொல்லவில்லை.

ஆய்வுக்காக நான் எழுதிய முதல் நல்கை (நிதியுதவி) விண்ணப்பத்தில் இந்தப் பாட்டி இல்லை. மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோயை 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்ததில் தொடங்கி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருப்பது வரை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர்களுக்கு இவையெல்லாம் மனப்பாடம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: படிக்காதவர்களிடமும் செல்லுபடியாகும் சோதனையை 10/66 ஆய்வுக் குழு முன்பே உருவாக்கியிருக்கும்போது உங்களுக்குத் தனிப் பணம் எதற்கு? மறதிநோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதும், ஆய்வில் 10 சதவீதமோ அதற்கும் குறைவோதான் அங்கே நடந்தது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் குழு அது. அதன் சோதனைக் கருவியை நான் குறிப்பிடக்கூட இல்லை. நிராகரிப்பு நியாயமானது.

இரண்டாம் முறை கேள்வியைச் சுருக்கினேன். அந்தக் கருவி முற்றிய மறதிநோயை அடையாளம் காண்பதற்காக உருவானது. படுகு பேசும் மூதாட்டியிடமும் பணியர் பழங்குடி முதியவரிடமும் அவரவர் மொழி அறிந்த களப்பணியாளர் அதைப் பயன்படுத்தினால், மறதி தொடங்கும் நிலையிலேயே நோயைப் பிரித்தறிய முடியுமா? அந்த விடை, அல்சைமர் நோயில் ரத்தத்தில் கூடும் பி-டாவ் 217 என்ற புரதத்தின் அளவோடு ஒத்துப்போகுமா? இவ்வளவுதான் கேள்வி.

நல்கை அறிவிப்புகளில் வரும் 'தொடக்கநிலை' என்ற சொல்லில் வழுக்கி விழுபவர்கள் பலர். நோயின் தொடக்கநிலை ஒன்று. இன்னும் நிரூபிக்கப்படாத யோசனையின் தொடக்கநிலை இன்னொன்று. ஆய்வாளரின் பணிக்காலத்தின் தொடக்கநிலை மூன்றாவது. ஐம்பதைக் கடந்த நான் ஒருமுறை இளம் ஆய்வாளர்களுக்கான நல்கைக்கு ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் அல்சைமர்ஸ் அசோசியேஷன் பிற நாட்டு ஆய்வாளர்களுக்கும் நல்கை வழங்குகிறது. முதலில் சுருக்கமான விருப்பக் கடிதம், அது தேறினால்தான் முழு விண்ணப்பம். பிரிட்டனின் அல்சைமர்ஸ் சொசைட்டியில் நோயாளிகளும் அவர்களைப் பராமரித்தவர்களும்கூட விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். ஆகவே எளிய மொழிச் சுருக்கத்தைக் கடைசி இரவில் எழுதக் கூடாது. நான் அதைத் தமிழில் எழுதி முதலில் எங்கள் களப்பணியாளருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் புருவம் சுருங்கும் இடத்தில் மதிப்பீட்டாளருடைய புருவமும் சுருங்கும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே நிற்கும். அதன் கீழ் பதிவு பெற, ஒரு அமைப்பு மூன்று ஆண்டுகளாவது இயங்கி, அக்காலத்தில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வந்த பணத்தை வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. கூடலூரில் உள்ள ஒரு அமைப்போடு பாதிப் பணியைப் பகிர்வதாக நான் போட்டிருந்த திட்டம் இந்தக் கடைசி விதியில்தான் உடைந்தது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், வெளிநாட்டு நிதியென்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். (கொடையால் ஆய்வு நடப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்ஸன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி பயன்பட்டது.)

செலவுத் திட்டத்தில் மலை தெரிய வேண்டும். ரத்த மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால், மாதிரி கெடாமல் காக்க இங்கேயே உறைபெட்டியும் ஜெனரேட்டரும் வேண்டும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் வீட்டில் துணைக்கு ஆள் இருக்காது. நோயாளியைப் பற்றிச் சொல்லவேண்டிய மகளும் மருமகளும் தோட்டத்தில் இருப்பார்கள். இதைக் கால அட்டவணையில் எழுதினேன்.

கைநாட்டு வைப்பவரின் ஒப்புதலுக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் வேண்டும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த மருமகள் கேட்டார்: "இதுல எங்க அத்தைக்கு என்ன கெடைக்கும்?" லெகானெமாப் போன்ற புதிய மருந்துகள் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே, அதுவும் மூளையில் அமைலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது உறுதியான பிறகே தரப்படுகின்றன, அவை எங்கள் முகாமுக்கு எட்டும் தொலைவில் இல்லை. ஆகவே மருந்து எதையும் வாக்களிக்க முடியாது என்றேன். நோய் இருப்பதாகத் தெரியவரும் ஒவ்வொருவருக்கும் ஓராண்டு வீட்டுவருகைக்கான செலவை அன்றிரவே பட்டியலில் சேர்த்தேன். விருப்பக் கடிதம் தேறிவிட்டது. முழு விண்ணப்பத்தில் அந்த வரி ஏழாவதாக இருக்கிறது.