பால் பாக்கெட்டை வெட்டி மவுத் ஆர்கனுக்குள் ஒட்டாதீர்கள்

பழுது பார்க்க இப்படி என்னிடம் வரும் மவுத் ஆர்கன் இந்த மாதத்தில் இது மூன்றாவது. சி கீ, பத்துத் துளை டயட்டானிக், அதாவது ஒரே ஸ்கேலுக்கு டியூன் செய்த வகை. மூடியைக் கழற்றினால், 20 ரீட்களுக்கும் (காற்றில் அதிர்ந்து சுரம் தரும் உலோக நாக்குகள்) பால் பாக்கெட்டைப் பட்டை பட்டையாக வெட்டி சூப்பர் க்ளூ வைத்து ஒட்டியிருக்கிறார் தம்பி. ஏம்பா என்றேன். "டோன் கம்மியா இருந்துச்சுண்ணே. க்ரோமாட்டிக்ல வால்வு இருக்குல்ல, அதான்." க்ரோமாட்டிக் என்பது எல்லா அரைச்சுரமும் வரும், பொத்தான் வைத்த வகை. இரண்டாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்து பெண்ட் பண்ண, அதாவது சுரத்தைக் கீழே வளைக்கச் சொன்னேன். வரவில்லை. முன்னே வந்ததா என்றால், வந்ததாம்!

வால்வு என்பது ரீட்டின் இடுக்கை, அதாவது ரீட் அதிரும் தட்டின் பிளவை, மூடித் திறக்கும் மெல்லிய பட்டை. அது டோனைக் கொண்டுவந்து கொட்டாது. நீங்கள் ஊதும்போது அதே துளையின் காற்றறையில் இருக்கும் இன்னொரு ரீட்டின் இடுக்கு வழியாகக் கசியும் காற்றை அடைக்கும், அதன் வேலை அவ்வளவுதான். காம்ப் (துளைகள் உள்ள நடுக்கட்டை) கோணலாக இருந்தாலோ, திருகு தளர்ந்திருந்தாலோ, ரீட் தட்டைவிட்டு அதிகமாகத் தூக்கி நின்றாலோ இருபது வால்வு ஒட்டினாலும் பயன் இல்லை. மூக்கு வழியாகக் காற்றை விட்டுக்கொண்டு வாசிக்கிறவருக்கும் இல்லை. டோன் இல்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் இரண்டாம் துளை இழுப்பு சரியாக வராதவர்கள். ஆரம்பத்தில் அது எல்லோருக்கும் தகராறு செய்யும். ரீட் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள், கெட்டிருப்பது மூச்சு.

க்ரோமாட்டிக்கில் அரைச்சுரத்துக்குப் பொத்தான் இருக்கிறது, வால்வு இருந்தால் குடி முழுகாது. டயட்டானிக்கில் அந்தப் பொத்தான் உங்கள் வாய்தான். சி கீயில் மூன்றாம் துளையை இழுத்து பி-யிலிருந்து ஏ ஃப்ளாட் வரை இறக்குகிறீர்களே, அப்போது தாழ்ந்த ஊது ரீட்டும் சேர்ந்து வேலை செய்கிறது, அதற்கு அதன் இடுக்கு வழியாகக் காற்று போக வேண்டும். அங்கே வால்வை ஒட்டினால், பெண்ட்டை நம்பி இருக்கும் ப்ளூஸ் இசையே போச்சு.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாதி வால்வு முறை இருக்கிறது, பிரெண்டன் பவர், பி.டி. கஸெல் போன்ற மவுத் ஆர்கன் கலைஞர்கள் வாசித்துக் காட்டியது. 1 முதல் 6 வரை இழுப்பு ரீட்களின் இடுக்கில், தட்டின் உட்பக்கம். 7 முதல் 10 வரை ஊது ரீட்களின் இடுக்கில், வெளிப்பக்கம். மொத்தம் 10 வால்வுதான். வழக்கமான பெண்ட் எல்லாம் அப்படியே இருக்கும், கீழ்த்துளைகளில் ஊதும் சுரங்கள் இறுக்கமாக வரும், அவற்றையும் கொஞ்சம் கீழே வளைக்கலாம். பதிலுக்கு ஓவர்ப்ளோவும் ஓவர்ட்ராவும் (ஊதியோ இழுத்தோ சுரத்தை மேலே ஏற்றும் உத்திகள்) போய்விடும். அந்த உத்திகளுக்குப் பேர்போன ஹோவர்ட் லெவி வழியில் போக ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள்.

அப்புறம் பொருள். பால் பாக்கெட் வேண்டவே வேண்டாம், அது சுருளும். வால்வுக்கென்றே விற்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை வாங்குங்கள், மைக்ரோபோர் டேப்பில் செய்கிறவர்களும் உண்டு. இடுக்கைவிட மயிரிழை அளவு அகலம் கூடுதலாக இருந்தால் போதும், அறைச்சுவரில் உரசக் கூடாது. ரீட்டின் ஆணி இருக்கும் முனையில் மட்டும் ஒரு புள்ளி பசை, மறுமுனை சும்மா கிடக்கட்டும். பசை காயும் வரை, ஐயா, வாயில் வைக்காதீர்கள். முதல் முயற்சியைப் பழைய கருவியில் செய்யுங்கள், அப்பா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்ததில் வேண்டாம். வாசிக்கும் முன் கையில் பொத்திச் சூடாக்குங்கள், குளிர்ந்த தட்டில் மூச்சின் ஈரம் படிந்து வால்வு ஒட்டிக்கொண்டு 'டப்'பென்று சத்தம் போடும். அதைக் கேட்டு ரீட் போச்சு என்று பதறி எனக்கு போன் செய்பவர்கள் வேறு.

தம்பியின் கருவியில் இருபதையும் பிளேடால் எடுக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. இரண்டு இடுக்கில் க்ளூ இறங்கியிருந்தது, ஒரு ரீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. அதை மாற்றி, இரண்டாம் துளையை மெதுவாக, வயிற்றிலிருந்து இழுக்கச் சொன்னேன். நன்றாகவே பேசியது. தம்பி என்னைப் பார்க்கவில்லை.