பாட்டி கண்ட குழந்தைகளும் உறை மோரும்

"சாயங்காலமானால் கூடத்து மூலையில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகப் பாட்டி சொல்கிறார். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. இது மனநோயா, மறதிநோயா? சோதனை ஏதும் உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க நான் யார்? ஆனால் இல்லாத ஆட்கள் இவ்வளவு துல்லியமாகத் தெரிவது லூயி உடல் மறதிநோயின் முக்கிய அறிகுறி. பார்க்கின்சன் நோயின் பங்காளி அது. இரண்டிலும் வில்லன் ஆல்ஃபா சைனுக்ளின், 140 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். நரம்பு முனைகளில் சாதுவாக இருப்பது, சிலருக்கு உரு மாறி மடிந்து, இழை இழையாகத் திரண்டுவிடுகிறது. நரம்பு செல்லுக்குள் சேரும் அந்தத் திரளுக்குத்தான் லூயி உடல் என்று பெயர்.

முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுக்கும் நீரில் இந்தக் கெட்ட இழை அளக்க முடியாத அளவு சொற்பம். அதனால் அளப்பதை விட்டுவிட்டு உறை ஊற்றிப் பார்க்கிறார்கள்.

பாலில் ஒரு சொட்டு மோர் விழுந்ததா என்று நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியாது. ராத்திரி மூடி வைத்தால் காலையில் பாத்திரமே சொல்லிவிடும். இங்கே ஆய்வகத்தில் தயாரித்த நல்ல சைனுக்ளின்தான் பால். அதைப் பிளாஸ்டிக் தட்டின் 96 குழிகளில் ஊற்றி, தயோஃப்ளேவின்-டி சாயம் கலந்து, நோயாளியின் முதுகுத்தண்டு நீரைத் துளியிலும் சிறிது விடுகிறார்கள். கெட்ட துணுக்கு இருந்தால், பக்கத்துப் புரதம் அதன் அச்சிலேயே மடிந்து நுனியில் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் அடுத்தது. ஆனால் இழை எவ்வளவு நீண்டாலும் நுனி இரண்டுதானே! அதனால் கருவி தட்டைக் குலுக்கி, நிறுத்தி, மீண்டும் குலுக்குகிறது. தயிரை இப்படிச் செய்தால் வீட்டில் திட்டு விழும். இங்கே குலுக்கலில் இழை முறிந்து, முறிந்த துண்டு ஒவ்வொன்றும் புது உறையாகிறது. சாயம் இழையில் சிக்கியதும் ஒளிர்கிறது. அந்த ஒளியை அளந்து கருவி வரையும் வரைபடத்தில், மணிக்கணக்கில் தரையோடு கிடந்த கோடு சட்டென்று நிமிர்கிறது.

உறை விடாத பாலும் வெகுநேரம் கிடந்தால் திரியும் அல்லவா? சைனுக்ளினும் அப்படியே. அதனால் எத்தனை மணி நேரத்துக்குள் ஒளிர வேண்டும் என்று வரம்பு உண்டு.

2023இல் 1,100க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது, பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 சதவீதம் பேருக்கு ஒளிர்ந்தது. மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் இப்படியொரு உறை இதுவரை சிக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் மனநோயைச் சொல்கிறோம் என்பவர்களிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

மனநோய் என்று நினைத்து ஹாலோபெரிடால் போன்ற மாத்திரையைக் கொடுத்தால், லூயி நோயாளிக்கு உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். பாட்டியை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, குழந்தைகள் எத்தனை மணிக்கு வருகிறார்கள், பாட்டி தூக்கத்தில் கத்திக் கைகாலை உதறுகிறாரா என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.