கொசுவின் எண்ணிக்கையை விட ஆயுள் முக்கியம்

பொது சுகாதாரத்தில் பூச்சியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மலேரியா வந்த தெருவில் மக்கள் கேட்பது, "கொசு இவ்வளவு இருக்கே, புகை அடிக்கலையா?" என்றுதான். கொசு எத்தனை நாள் உயிர் வாழ்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நோய் பரவுவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்ட் ராஸ், பிறகு கணக்கிலும் இறங்கினார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அடங்கிவிடும் என்று சமன்பாடுகளால் காட்டினார். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற மலேரியா ஆய்வாளர் அந்தக் கணக்கை விரித்தபோது ஆயுளின் பங்கு தெரிந்தது.

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. ஒட்டுண்ணி அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட, நம் வெயிலில் சுமார் 10 நாள் ஆகும். தினமும் 100க்கு 90 கொசு பிழைத்தால் பத்தாம் நாள் 35 மிஞ்சும். 80 பிழைத்தால் 11தான். மிஞ்சியவையும் அதிக நாள் இருக்காது. இரண்டையும் சேர்த்தால் பரவும் திறன் ஏழில் ஒரு பங்காகச் சரிகிறது. எண்ணிக்கையை மட்டும் பாதியாக்கினால் பரவலும் பாதிதான் குறையும்.

கொசுவின் வயதை நுண்ணோக்கியில் பார்க்கிறோம். முட்டைப்பையைப் பிரித்து வைத்தால், முட்டையே இடாத கொசுவில் மூச்சுக் குழல்களின் நுனி நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். ஒருமுறை இட்டதில் அவிழ்ந்து கிடக்கும். முட்டையிட 3 நாள் ஆகிறது என்று கொண்டால், அந்த 3 நாளும் பிழைத்த கொசுதான் முட்டையிட்டிருக்கும். 100க்கு 73 கொசு முட்டையிட்டிருந்தால் தினசரிப் பிழைப்பு 90 சதவீதம் (0.9 × 0.9 × 0.9 = சுமார் 0.73). 51 என்றால் 80. கொசு மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

உள்சுவரில் மருந்து அடிப்பது இதற்காகத்தான். ரத்தம் குடித்த கொசு பெரும்பாலும் சுவரில் உட்காரும்; அங்கே மருந்து பட்டால் அதன் ஆயுள் குறையும். டிடிடி என்ற பூச்சிமருந்தை நம்பி இறங்கிய நம் நாட்டில் 1960களின் நடுவில் மலேரியா ஆண்டுக்கு சுமார் 1 லட்சம் பேராகக் குறைந்தது. 1976இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. பணி தளர்ந்தது ஒரு காரணம். சமன்பாட்டில் மாறாமல் நின்ற கொசு, நிஜத்தில் மருந்தைத் தாங்கும் இனமாக மாறிவிட்டது இன்னொன்று. எந்தக் கணித மாதிரியையும் களத்தில் மீண்டும் மீண்டும் சரிபார்க்கச் சொல்வது அதனால்தான்.

தெருவில் அடிக்கும் புகை, வீட்டுக்குள் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் கொசுவை அவ்வளவாக எட்டாது. மருந்து அடிக்க வந்தால் படுக்கையறையையும் சேர்த்து அடிக்க விடுங்கள். உடனே வெள்ளையடித்து மூடிவிடாதீர்கள். மருந்திட்ட வலைக்குள் தூங்குங்கள். வலை கடியையும் தடுக்கிறது, உட்காரும் கொசுவின் ஆயுளையும் குறைக்கிறது. சென்னை போன்ற ஊர்களில் மலேரியா கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுகிறது. அங்கே மூடியைச் சரியாகப் பொருத்துவது முதல் வேலை.