டாம் முகம் வேண்டாம், பூனை போதும்

தேர்தல் நெருங்கினால் தஞ்சாவூர், கும்பகோணம் ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்துவிடும்: இணையத்தில் டாம் அண்ட் ஜெர்ரி படத்தை இறக்கி, டாம் தோளில் எதிர்க்கட்சித் துண்டைப் போட்டு, மேட்டூர் அணை மதகில் உட்காரவைத்து, பத்துக்கு எட்டில் அடித்துக் கொடுங்கள். "அரசியல் கேலிதானே, என்ன ஆகிவிடும்?"

ஆகும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. பகடி என்று தனியே எதுவும் அதில் இல்லை. ஆகவே யாரைக் கேலி செய்கிறோம் என்பதில்தான் வழக்கே நிற்கும். 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு எதிர்நாடகத்தை அனுமதித்தது. மூல நாடகத்தின் பகுதிகளை அது எடுத்தாண்டது அந்த நாடகத்தையே விமர்சிக்க. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அமைச்சரைத் திட்டுவதற்கு டாம் எதற்கு? பத்திரிகை கார்ட்டூனுக்காவது நடப்புச் செய்தி என்ற பிடி உண்டு. கட்சி ஃப்ளெக்ஸுக்கு அதுவும் சந்தேகம். அமெரிக்காவிலேயே, பெப்பே என்ற கார்ட்டூன் தவளையை டிரம்ப்புடன் சேர்த்துப் போஸ்டராக விற்ற இன்ஃபோவார்ஸ் இணையதளம், அதை வரைந்தவருக்கு 2019-இல் 15,000 டாலர் கொடுத்துத்தான் சமரசமானது.

"இருபது சதவீதம் மாற்றினால் போதும்" என்பது டிசைனர்கள் மத்தியில் உலவும் கதை. சட்டத்தில் அப்படிச் சதவீதமே கிடையாது. நிறம் மாற்றுவது, இடவலமாகத் திருப்புவது, பெயர் மாற்றுவது எதுவும் காப்பாற்றாது. மிக்கி மவுஸும் பதிப்புரிமையிலிருந்து முழுதாக விடுபடவில்லை: 2024-இல் அமெரிக்காவில் பொதுவுடைமையானது 1928-ஆம் ஆண்டு உருவம் மட்டுமே. இந்தியக் கணக்கு வேறு. ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தால் புதுப்பிக்கப் புதுப்பிக்க அது நீளும்.

பூனை எலியைத் துரத்தும் கருத்து யாருக்கும் சொந்தமில்லை. பூனையை நீங்களே வெறுந்தாளில் வரையுங்கள். டாமின் படத்தை அடியில் வைத்து டிரேஸ் எடுக்காதீர்கள். தலையாட்டி பொம்மை நம் ஊரிலேயே இருக்கிறது. எதற்கும் தலையாட்டும் எம்.எல்.ஏ.வுக்கு அதைவிடப் பொருத்தம் ஏது!

பிரஸ்காரர்களுக்கு ஒன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ-படி தேர்தல் போஸ்டரில் அச்சிடுபவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் முதலில் தேடி வருவது அந்த முகவரிக்குத்தான். பதிப்புரிமையைத் தெரிந்தே மீறியதாக நிரூபணமானால், பதிப்புரிமைச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். எனவே போஸ்டரை வெளியிடுபவர் தாம் யார் என்று தரும் 127ஏ உறுதிமொழியை வாங்கும்போதே, படம் யார் வரைந்தது என்றும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பென்சில் ஸ்கெட்சையும் லேயர் பிரிந்த கோப்பையும் தேதியோடு வைத்திருங்கள். ஜேபெக் மட்டும் இருந்தால் நிரூபிப்பது கடினம்.