ஃபேதம்: தமிழில் ‘பாகம்’

பழைய கப்பல்களின் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கும் 18, 19ஆம் நூற்றாண்டுக் கடல் வரைபடங்களைப் புரட்டுகிறவர்களுக்கும் அடிக்கடி எதிர்ப்படும் ஆங்கில அளவு ஃபேதம் (fathom). ஒரு ஃபேதம் 6 அடி, மீட்டரில் 1.8288. கடலின் ஆழம், நங்கூரச் சங்கிலியின் நீளம், கப்பலுக்கு வாங்கும் கயிற்றின் நீளம் எல்லாவற்றையும் இந்த அளவில்தான் சொன்னார்கள்.

தமிழில் இதை ஒலிபெயர்த்து எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆய்த எழுத்தை விட்டுவிட்டால் ‘பேதம்’ ஆகிவிடும், அது வேறுபாடு. ‘பாதம்’ என்று எழுதினால் இன்னும் மோசம். படிக்கிறவர் அடி என்று நினைத்துக்கொள்வார். 17 ஃபேதம் ஆழம், அதாவது 102 அடி, அவர் மனத்தில் வெறும் 17 அடியாகச் சுருங்கிவிடும். இத்தனைக்கும் புதிதாக ஒரு சொல்லை ஆக்க வேண்டிய தேவையே இல்லை. பாகம் என்ற சொல் நம் கடலோரத்தில் இதே பொருளில் வழங்கிவருகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இரு கைகளையும் விரித்து அணைத்தல் என்று பொருள். இதன் உறவுச் சொற்கள் வட ஐரோப்பா முழுவதும் உண்டு: ஜெர்மனில் ஃபாடன், டச்சில் வாடெம், டேனிஷில் ஃபவ்ன், ஸ்வீடிஷில் ஃபம்ன். கடைசி இரண்டும் இன்றைக்கும் அந்த மொழிகளில் அணைப்பு, மடி என்ற பொருளில் புழங்குகின்றன. பிரெஞ்சில் பிராஸ், ஸ்பானிஷில் பிராசா. இரண்டும் கை என்ற சொல்லிலிருந்து வந்தவை. கிரேக்கத்தில் ஓர்குயா, நீட்டுதல் என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. கடலில் கயிற்றை அளக்கிறவனுக்கு அளவுகோல் அவன் உடம்புதான். நீரிலிருந்து கயிற்றை இழுத்து, இரு கைகளையும் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒன்று, அடுத்தது இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவான். எந்தக் கடற்கரையிலும் இந்த வேலை இப்படித்தான் நடந்திருக்கிறது, அதனால்தான் ஒன்றையொன்று அறியாத மொழிகளிலும் ஒரே வழியில் சொல் பிறந்திருக்கிறது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள். ஒன்று மார், கன்னடத்தில் மாரு, தெலுங்கில் பார என்று இதன் உறவுச் சொற்கள் உண்டு. கன்னட நாட்டில் பூக்காரர்கள் பூச்சரத்தை இன்றும் மாருக் கணக்கில் விற்கிறார்கள்; நம்மூரில் அது முழக்கணக்கு. இன்னொன்று பாகம். மீனவர்கள் வலைக்கயிற்றையும் கடலாழத்தையும் பாகத்தில் சொல்வார்கள். உடம்பளவுகளின் வரிசையில் இது கச்சிதமாகப் பொருந்துகிறது: 2 சாண் 1 முழம், 4 முழம் 1 பாகம். முழத்துக்கு 18 அங்குலம் என்று வைத்தால் பாகம் 72 அங்குலம், சரியாக 6 அடி.

எழுத்திலும் இந்தச் சொல்லுக்கு நல்ல சான்று இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரம், பவுல் ஏறிச்சென்ற கப்பல் புயலில் சிக்கி மெலித்தா தீவை நெருங்கும் இடம். மாலுமிகள் விழுதுவிட்டு இருபது பாகம் என்று கண்டார்கள், சற்று அப்புறம் போய் மறுபடி விழுதுவிட்டுப் பதினைந்து பாகம் என்று கண்டார்கள் என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது ஓர்குயா. ஆழமளக்கும் கயிற்றுக்கு ‘விழுது’, அளவுக்குப் ‘பாகம்’ என்று இரண்டு சொற்களையும் ஒரே இடத்தில் அந்த மொழிபெயர்ப்பு கொடுத்துவிடுகிறது. கப்பல் நூல்களை மொழிபெயர்க்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

பாகம் என்ற அளவு கப்பலில் எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டுமானால் விழுதைப் பார்க்க வேண்டும். கைவிழுது என்பது ஏறத்தாழ 20 முதல் 25 பாகம் நீளமுள்ள சணற்கயிறு. முனையில் 7 முதல் 14 பவுண்டு எடையுள்ள ஈயக்குண்டு. குண்டின் அடியில் ஒரு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பி வைப்பார்கள். குண்டு தரையைத் தொடும்போது மணல், சேறு, சிப்பித்தூள் எது இருந்தாலும் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஒன்றும் ஒட்டாமல் கொழுப்பில் பள்ளம் விழுந்து வந்தால் கீழே பாறை. பழைய வரைபடங்களில் ஆழ எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாக அச்சிட்டிருக்கும் எழுத்துகள் இப்படி வந்த சேதிதான். பனிமூட்டத்தில் கரை தெரியாதபோது ஆழமும் தரையின் வகையும் சேர்ந்து கப்பல் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கயிற்றில் எல்லாப் பாகத்துக்கும் அடையாளம் கிடையாது. 2 பாகத்தில் இரண்டு தோல் நாடா, 3இல் மூன்று தோல் நாடா, 5இல் வெள்ளைப் பருத்தித் துணி, 7இல் சிவப்புக் கம்பளித் துணி, 10இல் நடுவில் ஓட்டை போட்ட தோல். பிரிட்டிஷ் கடற்படையில் 13க்கு நீலக் கம்பளி. 15 மறுபடி வெள்ளை, 17 சிவப்பு, 20க்கு இரண்டு முடிச்சுப் போட்ட கயிற்றுத் துண்டு. நிறம் மட்டும் மாறாமல் துணியின் வகையும் மாறுவதற்குக் காரணம் இரவு. இருட்டில் நிறம் தெரியாது. பருத்தியா கம்பளியா தோலா என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம். விரல் மரத்துப்போன குளிரில் உதட்டில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. இடையில் அடையாளமில்லாத 4, 6, 8, 9 போன்றவற்றை மேலும் கீழும் உள்ள அடையாளங்களை வைத்து மதிப்பிட வேண்டும். கூவிச் சொல்லும்போதும் இந்த வேறுபாட்டைக் காட்டுவார்கள்: அடையாளத்தில் நேராக நீர் நின்றால் ‘மார்க்’, மதிப்பீடு என்றால் ‘டீப்’. கேட்கும் தலைவனுக்கு அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிய சாமுவேல் கிளெமன்ஸ் ‘மார்க் ட்வைன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டது இந்தக் கூவலிலிருந்துதான். பொருள் ‘இரண்டு பாக அடையாளம்’: 12 அடி, படகு தட்டாமல் போகும் ஆழம்.

இந்த எளிய கருவி தவறு செய்யும் வழிகளும் உண்டு; அவற்றில் சில கப்பலை மூழ்கடிக்கக்கூடியவை. சணல் நனைந்தால் நீளம் சுருங்கும். உலர்ந்த புதுக் கயிற்றில் 6 அடிக்கு ஒன்றாக அளந்து அடையாளம் கட்டினால், கடலில் நனைந்தபின் அடையாளங்கள் நெருங்கிவிடும். இருக்கும் ஆழத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் கயிற்றை முதலில் நனைத்து, நன்றாக இழுத்து விறைப்பேற்றிய பிறகுதான் அடையாளம் கட்டுவார்கள். புழங்கிப் புழங்கிக் கயிறு நீண்டுபோனால் ஆழம் குறைவாகக் காட்டும். அது பாதுகாப்பான பக்கத்துப் பிழை. அடுத்து, கப்பலின் வேகம். குண்டை ஓட்டத்தின் திசையில் முன்னால் வீசி, அது தரையைத் தொடும்போது கப்பல் சரியாக மேலே வந்திருக்க வேண்டும். பிந்தினால் கயிறு பின்னோக்கிச் சாயும். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் 10 பாகம் என்று படிக்கும் இடத்தில் உண்மை ஆழம் 8.7 பாகம்தான். இரவில் நீர்மட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கையில் பிடித்த அடையாளத்திலிருந்து, நிற்கும் இடத்துக்கும் நீருக்கும் உள்ள உயரத்தைக் கழிக்க வேண்டும். இதை மறந்தாலும் ஆழம் கூடுதலாகத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் விழுது கைவிட்ட சம்பவம் ஒன்று உண்டு. 1770 ஜூன் 11, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை, நிலா வெளிச்சம். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. விழுது இடைவிடாமல் இறங்கியது. ஆழம் 14 பாகத்திலிருந்து 21 வரை ஏறியது; திடீரென்று 12, 10, 8. பிறகு மறுபடி 20, 21. இரவு 11 மணிக்குச் சற்று முன் 17 பாகம். அடுத்த தடவை குண்டை வீசுவதற்குள் கப்பல் பவளத்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. குக் தன் நாட்குறிப்பில், கப்பலைச் சுற்றிச் சில இடங்களில் 3, 4 பாகம், வேறு சில இடங்களில் அதே எண்ணிக்கை அடிகூட இல்லை என்றும், ஒரு கப்பல் நீளத் தூரத்தில் 8, 10, 12 பாகம் என்றும் எழுதுகிறார். இந்த வாக்கியத்தில் பாகத்தையும் அடியையும் குழப்பினால் நடந்ததே புரியாமல் போய்விடும்: 3 பாகம் 18 அடி, அதன் பக்கத்திலேயே 3 அடியில் பவளம். மணல் தரை மெல்ல மெல்ல மேலேறும், விழுது முன்கூட்டியே எச்சரிக்கும். பவளமோ சுவர்போல் எழும். விழுது காட்டுவது குண்டு விழுந்த அந்த ஒரு புள்ளியின் ஆழத்தை மட்டும். ஆறு பீரங்கிகளையும் சேர்த்து 40, 50 டன் எடையைக் கடலில் தள்ளிய பிறகு, மறுநாள் இரவு 10 மணிக்கு மேல்தான் கப்பல் மிதந்தது.

இப்படி அளந்த எண்கள்தான் வரைபடத்தில் ஏறின. பிரிட்டிஷ் கடற்படைக்குக் கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் நீர்வரைவு அலுவலகம் அமைந்தது 1795இல். அதன் முதல் தலைவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள், இளவயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மெட்ராஸில் வேலை பார்த்தவர். அந்த அலுவலகம் வெளியிட்ட படங்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாகத்திலேயே வந்தன.

பழைய படம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது தலைப்புக்குக் கீழே ஆழம் எதில் தரப்பட்டிருக்கிறது என்ற வரி. ஆழம் குறைந்த இடங்களில் ஒரு பெரிய 4, அதன் வலப்பக்கம் கீழே ஒரு சிறிய 3 என்று இருக்கும். பாகப் படத்தில் இது 4 பாகம் 3 அடி. அதாவது 27 அடி, 8.2 மீட்டர். மீட்டர் படத்தில் இதே வடிவம் 4.3 மீட்டர். பாகப் படத்தை மீட்டராகப் படிப்பவர் போக முடிந்த இடத்துக்குப் போகாமல் விடுவார், அவ்வளவுதான். மீட்டர் படத்தைப் பாகமாகப் படிப்பவர் 5 மீட்டர் ஆழம் அமிழும் கப்பலை 4.3 மீட்டர் நீரில் செலுத்தித் தரைதட்டிவிடுவார். பிரிட்டிஷ் படங்களில் நிறமும் துப்புக் கொடுக்கும்: பாகப் படங்களில் நிலம் சாம்பல், மீட்டர் படங்களில் வெளிர்மஞ்சள். துறைமுகங்களின் பெரிய அளவுப் படங்கள் சிலவற்றில் எண்கள் முழுக்க அடியிலேயே இருப்பதும் உண்டு. ஆக, வரியைப் படிக்காமல் எண்ணைப் படிக்கவே கூடாது. படத்தில் அச்சான ஆழம் வற்று நீருக்குரியது, அதாவது கடல் வடிந்து மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்துக்குரியது என்பதையும் மறக்கக்கூடாது. ஓதத்தின் (கடலேற்றத்தின்) உயரத்தை அதோடு கூட்டினால்தான் அந்த நேரத்து ஆழம் கிடைக்கும்.

மொழிபெயர்க்கிறவர்கள் கூடவே கவனிக்க வேண்டிய சொல் ‘சவுண்டிங்’. இதை ஒலியோடு சேர்த்து மொழிபெயர்ப்பது தவறு. ஆழம் பார்த்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்த தனிச்சொல் அது. ஒலியைக் குறிக்கும் சொல்லோடு உறவில்லை. எதிரொலியை வைத்து ஆழமளக்கும் கருவி 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆகவே விழுது விடுதல், ஆழம் பார்த்தல் என்றே எழுதலாம். ஃபேதம் என்பதை ஆங்கிலத்தில் வினையாக்கி ‘புரிந்துகொள்ளுதல்’ என்றும் சொல்வார்கள். அந்த இடத்தில் பாகம் பொருந்தாது, ஆழங்காணுதல் பொருந்தும்.

‘பாகம்’ பங்கு என்ற பொருளிலும் இருப்பதால் குழம்புமோ என்று தயங்க வேண்டாம். எண்ணுக்குப் பின்னால், ஆழம் என்ற சொல்லோடு சேர்ந்து வரும்போது குழப்பம் வராது. முதல் தடவை மட்டும் ‘17 பாகம் (ஏறத்தாழ 31 மீட்டர்)’ என்று அடைப்பில் கொடுத்துவிட்டால் போதும். மனக்கணக்குக்கு, பாகத்தை இரட்டித்து அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கலாம்: 17 பாகம், 34, கழித்தால் 30.6. சிறிய எண்களுக்கு இது போதுமானது. பெரிய எண்களில் பிழை பெருகும். பிரிட்டிஷ் கடலாய்வுக் கப்பலான சாலஞ்சர் 1875 மார்ச் 23 அன்று மேற்குப் பசிபிக்கில் அளந்த 4,475 பாகத்தை இப்படிக் கணக்கிட்டால் 8,055 மீட்டர் வரும்; உண்மையில் அது 8,184 மீட்டர். அங்கே 1.8288ஆல் பெருக்கித்தான் எழுத வேண்டும்.