தீவனத்தில் சேரும் பைட்டேஸ்: பூஞ்சையின் மரபணு, ஈஸ்டின் உழைப்பு

சேலம், ஆத்தூர், தலைவாசல் பக்கத்துத் தீவன ஆலைகளில் தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸைப் பிரித்துக் கோழிக்குக் கிடைக்கச் செய்யும் பைட்டேஸ் என்ற நொதி பற்றிப் பேச்செடுத்தால் பண்ணைக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை மூட்டையோடு திருப்பி அனுப்புகிறோம், பூசணச் சரக்கையே கோழிக்குப் போடச் சொல்கிறீர்களே, சார்?" அஃப்ளாடாக்சின் என்ற பூசண நச்சால் கோழிகளை இழந்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. அதற்கான விடை அந்த நொதி தயாராகும் முறையில் இருக்கிறது.

மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலத்தில் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கப் போதிய நொதி கோழியிடம் இல்லாததால் பெரும்பகுதி எச்சத்தோடு போய்விட, நாம் பாஸ்பரஸுக்காக டி.சி.பி.யை (டைகால்சியம் பாஸ்பேட்) காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறோம். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை பைட்டேஸைச் சுரக்கிறது. ஆனால் கூடவே வேறு பல நொதிகளையும் சுரக்கும், அதன் சில ரகங்கள் ஓக்ராடாக்சின் என்ற நச்சையும் உண்டாக்கும். எனவே பூஞ்சையை விட்டுவிட்டு, அதன் பைட்டேஸ் மரபணுவை மட்டும் பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்டில் சேர்ப்பது ஒரு வழி. (சந்தையில் உள்ள எல்லா பைட்டேஸும் பூஞ்சை மரபணுவிலிருந்து வருவதில்லை, ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுவும் பயன்படுகிறது.)

மரபணுவை அப்படியே எடுத்து வைத்தால் வேலை நடக்காது. அதில் புரதத்துக்குத் தேவையற்ற இன்ட்ரான் துண்டு ஒன்று உண்டு. அயல் இன்ட்ரானை ஈஸ்ட் சரியாக நீக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே பூஞ்சையே அதை நீக்கி முடித்த தூது ஆர்.என்.ஏ.விலிருந்து (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் பிரதி) டி.என்.ஏ. நகல் எடுக்கிறார்கள், அல்லது இன்ட்ரான் இல்லாத மரபணுவைச் செயற்கையாக உருவாக்குகிறார்கள். அதன் முன்னால் புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் சமிக்ஞைத் தொடரையும், அதற்கும் முன்னால் மெத்தனால் கிடைத்தால் முடுக்கம் பெறும் ஏ.ஓ.எக்ஸ்.1 இயக்கியையும் (மரபணுவை வேலை செய்யத் தூண்டும் டி.என்.ஏ. பகுதி) இணைத்து, ஈஸ்டின் குரோமோசோமிலேயே பதித்துவிடுகிறார்கள்.

நொதிப்புக் கலனில் முதலில் கிளிசரால் கொடுத்து ஈஸ்டை வளர்க்கிறார்கள். கிளிசரால் தீர்ந்ததும் செல்களின் சுவாசம் தளர்ந்து, கரைந்துள்ள ஆக்ஸிஜனின் அளவு திரையில் சட்டென்று மேலே ஏறும். அந்த நேரம் பார்த்து மெத்தனாலைச் சிறுகச் சிறுக விடத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் அதுவே ஈஸ்டைக் கொன்றுவிடும். பிக்கியா தன் சொந்தப் புரதங்களை மிகக் குறைவாகவே வெளியே விடுவதால், செல்களைப் பிரித்தபின் கிடைக்கும் திரவத்திலுள்ள புரதத்தில் பெரும்பங்கு பைட்டேஸாகவே இருக்கும். அதைச் செறிவாக்கி உலர்த்தியதுதான் பைக்குள் வருகிறது. பூசண பயத்துக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கவலைப்பட வேண்டியவை வேறு. கிலோ விலையை மட்டும் பார்த்து வாங்குவது முதல் தவறு, எஃப்.டி.யு. என்ற செயல்திறன் அளவைக் கேட்க வேண்டும். கிராமுக்கு 5,000 எஃப்.டி.யு. உள்ள சரக்கை டன்னுக்கு 100 கிராம் கலந்தால் கிலோ தீவனத்துக்கு 500 எஃப்.டி.யு. சேரும். ஆனால் பெல்லட் இயந்திரத்தின் நீராவிச் சூடு 80 டிகிரியைத் தாண்டும்போது மேற்பூச்சில்லாத நொதி பெருமளவு செயலிழக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அடுக்கிய பைகளுக்கும் மெதுவாக இதே கதிதான். அப்படிப்பட்ட சரக்கை நம்பி டி.சி.பி.யைக் குறைத்தால் முட்டை ஓட்டிலும் கோழியின் எலும்பிலும் தெரிந்துவிடும்.

நம் ஊர்களில் பெரிதும் கவனிக்கப்படாதது தூசி. நொதித்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். துண்டை மூக்கில் கட்டுவது இதற்குப் போதாது, துகள் தடுக்கும் முகக்கவசமே வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கலவைக்கூடத்தில் இருப்பவருக்கு வேலை நாளில் இளைப்பும் விடுமுறையில் நிம்மதியும் என்று தெரிந்தால், உடனே வேறு வேலைக்கு மாற்றி நுரையீரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.