வவுனியாத் தொகுதியும் தேருநர் இடாப்பில் உங்கள் பெயரும்

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக வவுனியாவில் வாடகை வீட்டிலிருக்கும் ஒரு தாய், மகனை முதலாம் தரத்தில் சேர்க்க விண்ணப்பிக்கும்போதுதான் தன் பெயர் இன்னும் பரந்தன் முகவரியிலேயே பதிவாகியிருப்பதை அறிந்தார். வதிவிடத்தை நிரூபிக்கக் கடந்த 5 ஆண்டுகளின் தேருநர் இடாப்புப் (வாக்காளர் பட்டியல்) பிரதிகளைப் பாடசாலை கேட்டது. "எல்லாம் வன்னிதானே அக்கா, ஒரே இடாப்புத்தான்" என்று உறவினர் சொன்னதை நம்பி அவர் பதிவை மாற்றாமலே இருந்துவிட்டார்.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய தொகுதி முறையும் ஒரு காரணம். 1947 முதல் வவுனியா தனக்கென ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்த தொகுதியாக இருந்தது. செ. சுந்தரலிங்கம் அதன் முதல் உறுப்பினர். 1977 தேர்தலே அந்த முறையில் நடந்த கடைசிப் பொதுத் தேர்தல். 1989 முதல் விகிதாசார முறையில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டமாக வாக்களிக்கின்றன. வவுனியா இன்று அதற்குள் ஒரு வாக்கெடுப்புப் பிரிவு மட்டுமே.

கிளிநொச்சியை நாம் வன்னி என்றே சொல்கிறோம். அது 1984இல் தனி நிர்வாக மாவட்டமும் ஆகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னரே வகுக்கப்பட்ட தேர்தல் எல்லைகளின்படி அது இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு உரியது. ஆகவே பரந்தனில் பெயர் இருப்பவர் வன்னியின் வேட்பாளருக்கு வாக்களிக்க முடியாது. வன்னிக்குள்ளேயே இடம்மாறியவர்களும் பாடசாலைக்குக் காட்ட வேண்டியது இப்போதைய முகவரியில் உள்ள பதிவைத்தான்.

பதிவு கிராம அலுவலர் பிரிவின்படி ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. வீட்டிலுள்ள வாக்காளர்களின் விபரம் கேட்கும் பீ.சீ. படிவம் வீடு தேடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) சென்று, முன்பு பதிவாகியிருந்த கிராம அலுவலர் பிரிவையும் வீட்டு இலக்கத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பழைய இடத்தில் பெயரை வெட்டியதாகக் கடிதம் கொண்டுவா என்று இங்கே சொல்வதும், புதிய இடத்தில் பதிந்த பிறகு வா என்று அங்கே சொல்வதும் பலரும் பட்ட அலைச்சல். ஏ9 வீதியில் பேருந்துக் காசுக்கும் ஒரு நாள் கூலிக்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. அப்படி நேர்ந்தால் மூன்றாம் முறையும் அலையாமல், எழுத்தில் ஒரு கோரிக்கையுடன் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கே செல்லுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வாடகைக்கு இருப்போருக்கு இன்னொரு பொறி உண்டு. வாடகையாளரின் பெயரைப் பதிந்தால் காணி போய்விடும் என்று வீட்டுக்காரர் அஞ்சித் தடுப்பார். இடாப்பில் பெயர் இருப்பது காணி உறுதி ஆகாது. வதிவதே பதிவுக்கு அடிப்படை. இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், விதானையாரையும் சொல்லச் செய்யுங்கள்.

நீக்கப்படவுள்ள பெயர்களும் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் உறுதிப்படுத்தலுக்கு முன் கிராம அலுவலர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். உரிமைக் கோரிக்கைக்கும் ஆட்சேபனைக்கும் உரிய நாட்கள் அந்த அறிவித்தலிலேயே இருக்கும். அந்த நாட்கள் கடந்துவிட்டால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பெரும்பாலும் அடுத்த திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். பெயரைக் கண்டதும் திரும்பிவிடாமல் அடையாள அட்டை இலக்கத்தை இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அந்தத் தாய்க்கு, பதிவை மாற்றிய பின்னும் ஓர் இலக்கம் பிழைத்திருந்ததால், மேலும் இரண்டு நாட்கள் வேலை கெட்டது.

வாக்காளர் அட்டை தபாலில் வராததால் வாக்குரிமை போய்விட்டதாக எண்ணி வீட்டிலிருந்துவிட வேண்டாம். இடாப்பில் பெயர் இருந்து, ஏற்கப்பட்ட அடையாள ஆவணமும் கையிலிருந்தால், அட்டை இல்லாமலே வாக்களிக்கலாம்.